என் பழைய ஸ்விஃப்ட்டுக்குப் பதினைந்து அங்குல யோகம்

முடிவை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். உங்களிடம் பழைய மாருதி ஸ்விஃப்ட் இருக்கிறதா? 14 அங்குல இரும்பு ரிம்மில் ஓடிக்கொண்டிருக்கிறதா? 15 அங்குல அலாய் வீல் போடுங்கள். 16-ஐப் பற்றி ஆசைப்படலாம், தப்பில்லை. 17 இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்காதீர்கள். பதில் கிடைத்ததும் கிளம்ப வேண்டும் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத என்னைப் போன்ற ஜென்மங்கள் மட்டும் கூட வாருங்கள்.

கோயம்புத்தூரில் கார்ப் பைத்தியம் என்பது ஊர் வியாதி. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். அவர் பெயர் தாங்கிய பந்தயத் தடம் செட்டிபாளையத்தில் இருக்கிறது. 2005 மார்ச்சில் இதே ஊரின் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் உட்கார்ந்து, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஊரே தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில், மே மாதம், ஸ்விஃப்ட் வந்து இறங்கியது. அதுவரை டப்பா டப்பாவாகக் கார் பார்த்த கண்ணுக்கு அந்த உருண்டை முதுகும், கூரை மிதப்பதுபோல் காட்டும் கறுப்புத் தூண்களும் எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஷோரூம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன்.

என்னுடையது 2007 மாடல், பெட்ரோல், வெள்ளி நிறம். 1298 சி.சி. எஞ்சின், 87 குதிரைத்திறன். ஆயிரம் கிலோ சொச்சம் எடையுள்ள காருக்கு அது போதும் போதும் என்கிற அளவுக்குப் போதும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் முள் 6,000 வரை பாட்டுப் பாடிக்கொண்டே ஏறும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே திரும்பும். குறை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமென்றால் கீழே குனிந்து பார்க்கவேண்டும். இவ்வளவு அழகான காருக்கு நிறுவனம் மாட்டி அனுப்பிய டயர் 165/80 ஆர் 14. அதாவது அகலம் 165 மில்லிமீட்டர். வீல் ஆர்ச்சுக்குள் அது ஒடுங்கி நிற்கும் கோலத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் மனசு கேட்காது. வேகமாக வளைவில் திரும்பினால், பக்கச்சுவர் முதலில் ஒருபக்கம் மடங்கும், அதற்கப்புறம்தான் கார் திரும்பும். எஞ்சினும் சேசியும் "போகலாம்" என்கிற இடத்தில் டயர் மட்டும் "இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்னும்.

காருக்கு 15 வருடம் முடிந்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்தாயிற்று. இன்னும் ஐந்து வருடம் ஓடலாம் என்று அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் அலாய் பேச்சை வீட்டில் எடுத்தேன். "ஏங்க, இந்த வயசுல இதுக்குக் காதுகுத்தா?" என்றாள் மனைவி. கேள்வி நியாயமானது. விற்றால் ஒன்றரை லட்சம் தேறினாலே பெரிய விஷயம். அதற்கு 50,000 ரூபாய்க்கு வீலும் டயரும் மாட்டுவதை எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒத்துக்கொள்ளமாட்டார். ஆனால் நான்கு டயரும் தேய்ந்து, அந்தச் சின்னக் கட்டைகள் மட்டத்துக்கு வந்துகொண்டிருந்தன. டயரின் பள்ளங்களுக்குள்ளே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் ரப்பர் கட்டைகள் இருக்கும். தேய்மானம் அதைத் தொட்டுவிட்டால் டயர் மாற்றியே ஆகவேண்டும். எப்படியும் டயருக்குச் செலவு உண்டு என்றான பிறகு, கேள்வி "செலவழிக்கலாமா" என்பதிலிருந்து "எந்த அளவு" என்பதற்கு நகர்ந்துவிட்டது. நான் காத்திருந்ததே அதற்குத்தான்.

இனிமேல்தான் சுவாரசியம். காகிதம், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

டயரின் மேல் எழுதியிருக்கும் மூன்று எண்களை வைத்து முழு வீலின் விட்டத்தைக் கண்டுபிடித்துவிடலாம். 165/80 ஆர் 14 என்றால், அகலம் 165 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ.; ரிம்மின் விட்டம் 14 அங்குலம், அதாவது 355.6 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், நடுவில் ரிம். கூட்டினால் 619.6. ரிம்மைப் பெரிதாக்கும்போது பக்கச்சுவரைக் குறைத்து, இந்த மொத்த விட்டத்தைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்திருக்கவேண்டும். மூன்று சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது டயர்க் கடைகளில் சொல்லும் பொதுவிதி. விலகினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், ஓடோமீட்டர் பொய் சொல்லும், கியர்களின் கணக்கும் மாறிப்போகும்.

இப்போது வேட்பாளர்களைப் பாருங்கள். 185/65 ஆர் 15 போட்டால் 621.5 மி.மீ. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர், 0.3 சதவீதம்! 195/55 ஆர் 16 போட்டால் 620.9. அதுவும் பிரமாதம். 205/45 ஆர் 17 போட்டால் 616.3. அதுவும் ஒரு சதவீதத்துக்குள் அடங்குகிறது. அலாய் கடையில் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டி "பாருங்க சார், கரெக்டா இருக்கு" என்று 17-ஐத் தலையில் கட்டுவது இந்த இடத்தில்தான். கணக்கு மூன்று பேருக்கும் பாஸ் போடுகிறது. ஃபெயில் போடுவது நம் சாலை.

பக்கச்சுவரை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். 14-க்கு 132 மி.மீ. 15-க்கு 120. 16-க்கு 107. 17-க்கு வெறும் 92. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் தாருக்கும் நடுவில் இருக்கிற ஒரே மெத்தை இதுதான். 132-லிருந்து 120-க்கு வந்தால் இடுப்புக்குத் தெரியாது. 92-க்கு வந்தால் சொத்துவரி கட்டும்போதெல்லாம் மாநகராட்சியிடம் சண்டை போடத் தோன்றும். என் நண்பர் ஒருவர் இதே மாடலில் 17 போட்டிருக்கிறார். நின்றால் சினிமா. படம் எடுத்துக்கொள்ளப் பையன்கள் வருவார்கள். ஆனால் மனிதர் வண்டி ஓட்டும்போது சாலையைப் பார்ப்பதேயில்லை. சாலையில் உள்ள குழியைத்தான் பார்க்கிறார். வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை ஒன்று இருட்டில் வந்தால், அன்றைக்கு ரிம் நெளிந்து, பெண்டு எடுக்கக் கொடுக்கவேண்டியதுதான்.

எடை இன்னொரு கதை. வீலும் டயரும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை. அங்கே ஒரு கிலோ கூடினால் ஷாக் அப்சார்பருக்கு வேலை அதிகம், வீல் சாலையை விட்டு எழும்பினால் மறுபடி தரையில் பதிய நேரம் பிடிக்கும். அதோடு அது சுழல்கிற எடை. அச்சிலிருந்து எடை எவ்வளவு தள்ளிப் போகிறதோ, சுழற்றுவதற்கான சிரமம் அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பெரிய ரிம்மில் உலோகம் விளிம்புக்குத் தள்ளிப் போய்விடுவதால், எடை அதிகமில்லாவிட்டாலும் எஞ்சினுக்குக் கனமாகத்தான் இருக்கும். 87 குதிரைகளையும் சக்கரம் சுற்றவே கூலிக்கு அனுப்பிவிட்டால் காரை யார் இழுப்பது?

பெரிய வீல்தான் வேகம் என்று வாதாடுபவர்களுக்கு என்னிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருக்கிறது. நரேன் 2005-ல் ஓட்டிய ஃபார்முலா ஒன் காரின் ரிம் என்ன அளவு தெரியுமா? 13 அங்குலம். மாருதி எஸ்டீமின் ரிம் விட்டம்தான்! 2021 வரை ஃபார்முலா ஒன் அந்த 13 அங்குலத்திலேயே ஓடியது. 2022-ல்தான் 18-க்கு மாறினார்கள். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு 13 போதுமென்றால், அவிநாசி ரோட்டுக்கு 17 எதற்கு?

அப்படியானால் 14-லேயே இருந்துவிடலாமே என்று கேட்பீர்கள். இதே இரும்பு ரிம்மில் 185/70 ஆர் 14 டயர் ஏற்றுவது மலிவான வழி. விட்டம் 614.6 வரும், கார் நன்றாகவே பிடித்துப் போகும். சிக்கனமாக முடிக்க நினைப்பவர்களுக்கு அதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் எனக்கு அந்த வீல் ஆர்ச் நிறையவேண்டும். அதற்கு 15 வேண்டும். அது கூடாத ஆசையும் இல்லை. வெளிநாடுகளில் இதே ஸ்விஃப்ட் 185/60 ஆர் 15 டயரோடு விற்பனையானது; அதன் முரட்டுத் தம்பியான ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 195/50 ஆர் 16 டயரோடு வந்தது. காரை வரைந்தவர்களின் மனதில் இருந்த சக்கரம் பெரியது. இந்திய விலைக்காக நமக்குச் சின்னதாகிப் போனது. 15-ஐ மாட்டுவது அலங்காரம் ஆகாது. கொடுக்கவேண்டிய பாக்கியை வசூலிக்கிறோம், அவ்வளவே.

அடுத்தது வீல் தேடும் படலம். இதில்தான் அதிர்ஷ்டம் அடித்தது. 2011-ல் வந்த அடுத்த தலைமுறை ஸ்விஃப்ட்டின் உயர்ந்த மாடலில் 15 அங்குல அலாயும் 185/65 ஆர் 15 டயரும் கம்பெனியிலிருந்தே வந்தன. நட்டுத் துளைகள் நான்கு, அவை அமைந்த வட்டம் 100 மி.மீ., நடுத்துளை 54.1 மி.மீ. பழைய ஸ்விஃப்ட்டுக்கும் அச்சு அசலாக அதே அளவுதான்! புதுக் கார் வாங்கியவர்கள் அதைவிடப் பகட்டான அலாய் மாட்டிக்கொண்டு, கம்பெனி அலாயைக் கழற்றி விற்றுவிடுவார்கள். அவர்களுடைய பேராசை நமக்கு யோகம். உக்கடத்தில் ஒரு கடையில் அப்படி ஒரு செட் தொங்கிக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்ததும், காலை டிபனைக்கூட முடிக்காமல் ஓடினேன்.

நடுத்துளை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும், பலரும் கவனிக்காத இடம் இது. வெளியில் கிடைக்கும் அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்தவேண்டும் என்பதற்காக நடுத்துளையைப் பெரிதாக வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. அதை ஸ்விஃப்ட்டின் ஹப்பில் மாட்டினால் சுற்றிலும் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போடவேண்டும். வளையம் போடாமல் நட்டை மட்டும் நம்பி மாட்டினால், வீல் மயிரிழை நடுவிலிருந்து விலகி உட்காரும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும். கடைக்காரர் டயரைக் குறை சொல்வார், டயர்க்காரர் அலைன்மென்ட்டைக் குறை சொல்வார். கம்பெனி அலாயில் அந்தத் தொல்லையே கிடையாது. வளையம் போட்டு வாங்குவதென்றாலும் வாங்குங்கள், ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரையோ, உட்புறத்தில் ஜப்பானியத் தரக் குறியோ வார்த்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவு அலாய் பள்ளத்தில் நெளியாது, விரிசல் விடும். இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி எடுக்கலாம், விரிசல் விட்ட அலாயை நம்பிக் குடும்பத்தை ஏற்ற முடியாது.

பழைய செட் என்பதால் நன்றாகவே சோதித்தேன். கடைக்காரர் என்னைவிட மூத்தவர், பொறுமைசாலி. "ஏனுங் தம்பி, பொண்ணு பாக்க வந்தமாதிரி பாக்கறீங்க" என்று சிரித்தார். "அண்ணா, நாலு பேர் உசுரு இதுமேலதானுங்களே" என்றேன். அவரே ஒவ்வொன்றையும் பேலன்சிங் மெஷினில் ஏற்றி, டயர் இல்லாமல் வெறும் ரிம்மைச் சுற்றிக் காட்டினார். விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்குரூ டிரைவர் நுனியை அசையாமல் பிடித்தார். ரிம் சுற்றும்போது நுனிக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி மாறாமல் இருந்தால் ரிம் நேர். கூடிக் குறைந்தால் எங்கோ குழியில் அடிபட்டது. வெளிப்பக்கத்தைப் பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம். ஆனால் உட்பக்க விளிம்பைத்தான் யாரும் மெனக்கெட்டுத் துடைப்பதில்லை. அங்கே வெல்டிங் தடம் இருக்கிறதா, தேய்த்து மழுப்பியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். நான்குமே தங்கம்.

டயர் புதிதாகத்தான் வாங்கினேன். 185/65 ஆர் 15 அளவின் பெரிய சௌகரியம், புது ஸ்விஃப்ட்டும் டிசையரும் அதே அளவில் ஓடுவதால் எந்த ஊர் டயர்க் கடையிலும் கிடைக்கும். நடுராத்திரி வழியில் டயர் கிழிந்தால், 205/45 ஆர் 17 கேட்டுக் கதவைத் தட்டினால் கடைக்காரர் திரும்பிப் படுத்துக்கொள்வார். பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் 88 என்றும் அதை ஒட்டி ஆங்கில எழுத்து எச் என்றும் இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும். பழைய டயரின் எண் 85, அதாவது 515 கிலோ. ஆக, புதியது எல்லா வகையிலும் மேல். கம்பெனி தந்த எண்ணைவிடக் குறைவான எண் உள்ள டயரை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடக் கூடாது. கடைசியாக நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கோடவுனில் மூன்று வருடம் தூங்கிய டயரைப் பளபளப்பாகத் துடைத்து நம் தலையில் கட்ட முடியாமல் காப்பாற்றுவது இந்த நான்கு இலக்கங்கள்தான்.

இதற்கிடையில் முக்கியமான ஒன்றைச் செய்திருந்தேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டுமுறை படியுங்கள். அலாய்க்கு முன்னால் சஸ்பென்ஷன். 15 வருடக் காரில் லோயர் ஆர்ம் புஷ்கள் ரப்பர் வெடித்து, பால் ஜாயிண்ட் ஆட்டம் கண்டு, ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்து நிற்கும். அதன்மேல் அகலமான டயரை மாட்டினால், இதுவரை மெல்லிய டயர் மறைத்துவைத்த அத்தனை நோயும் வெளியே வரும். அலாயை வாங்கியதே தப்பு என்று தோன்றும். மெக்கானிக்கிடம் விட்டு முன்பக்க ஷாக் அப்சார்பர், புஷ், பால் ஜாயிண்ட் எல்லாவற்றையும் மாற்றியபோதே கார் பாதி இளமைக்குத் திரும்பிவிட்டது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் இதைச் செய்யுங்கள், அலாய் அடுத்த தீபாவளி போனஸுக்குக் காத்திருக்கட்டும்.

மாட்டுகிற நாளை எப்படி விவரிப்பது! காரை ஜாக்கியில் ஏற்றி, பழைய இரும்பு ரிம்மைக் கழற்றினார்கள். உள்ளே ஹப்பின் முகத்தில் பல வருடத் துரு தகடு தகடாகப் படிந்திருந்தது. கடைப் பையன் அப்படியே மாட்டப் போனான். முதலாளி அவனைத் தடுத்து, கம்பி பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். துருவை முழுக்கச் சுரண்டி, ஹப்பின் நடுக் கழுத்தில் விரல் நுனியால் துளி கிரீஸ் தடவினார். பிறகு அலாயைத் தூக்கி வைத்தார்கள். 54 மில்லிமீட்டர் துளை 54 மில்லிமீட்டர் கழுத்தில் போய் "டொக்" என்று உட்கார்ந்த அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு கார் வாங்கலாம். நட்டுக்கூடப் போடாமல் வீல் அப்படியே நின்றது. நான்கு நட்டையும் முதலில் கையால் திருகி, எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, காரை இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து 85 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினார்கள். அதற்கு மேல் முறுக்கினால் பலம் என்று நினைக்காதீர்கள், அலாயில் நட்டு உட்காரும் குழிதான் நசுங்கும். 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்து இறுக்கத்தைச் சரிபார்க்கச் சொன்னார். போய்ப் பார்த்துக்கொண்டேன். இது எல்லோரும் கட்டாயம் செய்யவேண்டிய வேலை.

உரசுகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. வீல் ஆர்ச்சின் உட்புற பிளாஸ்டிக்கில் சாக்பீஸால் கோடுகள் இழுத்துவிட்டு, பின் இருக்கையில் மூன்று தடியர்களை ஏற்றி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வேகத்தடையில் ஏறி இறங்கவேண்டும். மறுபக்கமும் ஒடித்து அதேபோல். கோடு அழிந்திருந்தால் உரசுகிறது. தடியர்களுக்கு மச்சினர்களைப் பிடித்தேன்; கோடு அப்படியே இருந்தது; புரோட்டாச் செலவு என்னுடையது.

அப்புறம் நேரே வால்பாறை. வேறெங்கே போவது? பொள்ளாச்சி வரை நல்ல நெடுஞ்சாலை, அங்கேயே முதல் வித்தியாசம் தெரிந்தது. லாரி கடக்கும்போது வருகிற காற்றில் முன்பெல்லாம் கார் லேசாகத் தள்ளாடும், இப்போது நேர்க்கோட்டில் போகிறது. ஆழியாறு வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. முதல் வளைவில் பழக்கதோஷத்தில் வேகத்தை அதிகமாகவே குறைத்துவிட்டேன், கார் என்னைப் பார்த்து "இதுக்கா?" என்றது. இரண்டாவது வளைவில் இரண்டாம் கியரில் கொஞ்சம் தைரியமாகத் திருப்பினேன். ஸ்டீயரிங்கைத் திருப்பிய அந்தக் கணமே மூக்கு உள்ளே நுழைந்தது. பக்கச்சுவர் மடங்கி, அது நிமிர்ந்து, அப்புறம் கார் திரும்புகிற அந்த அரை விநாடித் தாமதம் காணவில்லை! முன் டயர்கள் தாரைக் கவ்விக்கொண்டு எங்கே நினைத்தேனோ அங்கே இழுத்துப் போயின. டயரிலிருந்து வரும் சேதி இப்போது கைக்குத் தெளிவாக வருகிறது. வளைவின் நடுவில் தார் ஈரமாக இருக்கும் இடம், சரளை சிதறிய இடம் எல்லாம் உள்ளங்கைக்குத் தெரிகிறது.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்டில் நிறுத்தினேன். கீழே ஆழியாறு அணை. பாறைமேல் இரண்டு வரையாடுகள் எதையோ மென்றபடி காரைப் பார்த்தன. எல்லோரும் ஆட்டைப் படம் எடுத்தார்கள், நான் வீலைப் படம் எடுத்தேன். இறங்கும்போது இன்னொரு இன்பம்: பிரேக். இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்துக்கொள்ள, வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டால், அகலமான டயர் கார் முன்பக்கம் குப்புறாமல் அமைதியாக வேகத்தைத் தின்கிறது. மனைவிக்கு மலைப்பாதையில் எப்போதும் தலைசுற்றும். அட்டகட்டி தாண்டி டீ குடிக்க இறங்கியவள், "இன்னைக்கு வண்டி ஆடலைல்ல?" என்றாள். காதுகுத்துக்கு இதைவிட என்ன மொய் வேண்டும்!

விலை கொடுத்துத்தானே எல்லாம். மறைக்காமல் சொல்கிறேன். சிக்னலிலிருந்து கிளம்பும்போது பழைய துள்ளலில் ஒரு பிடி குறைவு. ஊருக்குள் மைலேஜ் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் போல இறங்கியிருக்கிறது. பார்க்கிங்கில் ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கிறது. சின்னச் சின்னச் சாலைப் பொத்தல்களின் "தட் தட்" முன்பைவிடக் கொஞ்சம் காதில் விழுகிறது. ஸ்டெப்னி பழைய 14 இரும்பு ரிம்தான். ஆனால் விட்டம் இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம் என்பதால், பஞ்சர் ஆனால் மாட்டிக்கொண்டு அடுத்த கடை வரை கவலையின்றிப் போகலாம். 17 போட்டவர்களுக்கும் விட்டம் ஒத்துவரும். ஆனால் ஒரு பக்கம் 205 டயர், மறுபக்கம் 165 டயர் என்று ஓட்டிப் பார்க்கட்டும், பிரேக் அடிக்கும்போது கார் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும்.

சட்டமும் 15-இன் பக்கம்தான் சாய்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வாகனத்தை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களுக்கு இடமில்லை என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கறாராகச் சொல்லிவிட்டது. வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் போகிறவர்களுக்கு இந்தக் கெடுபிடியின் சூடு தெரியும். ஃபெண்டருக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் வீல்தான் முதலில் கண்ணில் படும். அதே நிறுவனத்தின் அலாய், கிட்டத்தட்ட அதே விட்டம், ஃபெண்டருக்குள்ளேயே அடக்கம் என்று இருந்தால் உறுத்தலுக்குக் காரணம் குறைவு. இருந்தாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுதித் தெரிவித்து, அவர்கள் பதிலைப் பாலிசியோடு பத்திரப்படுத்தியிருக்கிறேன். நாளைக்கு ஏதாவது ஆகி க்ளெய்ம் என்று போனால், "சொல்லவேயில்லையே" என்கிற ஒரு வரி போதும் அவர்களுக்கு.

இவ்வளவு அளந்து, தேடி, சுரண்டி, முடுக்கி மாட்டிய வீலை ஊர் எப்படிக் கொண்டாடியது என்று கேட்கிறீர்களா? ஒருத்தர் கண்ணிலும் படவில்லை! போன மாதம் ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்து வாசலில் காரைச் சுற்றி வந்த சித்தப்பா, "ஏப்பா, வண்டிக்குப் புதுசாப் பெயிண்ட் அடிச்சியா? ஏதோ ஜம்முனு இருக்குதே" என்றார். அலுவலக நண்பர், பாலிஷ் போட்டீங்களா என்றார். பக்கத்து வீட்டுக்காரர் இது வேற வண்டியா என்றார். வீலைப் பார்த்தவர் யாருமில்லை. அது பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பதுபோல உட்கார்ந்துவிட்டது. சரியான அளவுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எந்த ஆர்.டி.ஓ. ஆபீசிலும் கிடைக்காது. சித்தப்பாவிடம் ஆமாம் பெயிண்ட்தான் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனேன். அவரும் ஒரு 2006 ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார்; உக்கடத்துக் கடையில் இன்னும் ஒரே ஒரு செட் மிச்சம் இருக்கிறது; அதை என் தம்பி வண்டிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.